அந்தமானும் அறுவை மருத்துவமும்

பதிற்றுப்பத்தின் ஐந்தாம் பத்தில், கடல் பிறக்கோட்டிய செங்குட்டுவனைப் பாடிய பரணர், போரில் புண்பட்ட மறவர்களை நமக்குக் காட்டுகிறார். வாளால் பிளவுண்ட அவர்தம் மார்பை நெடிய வெள்ளூசி கொண்டு தைக்கின்றனர். குருதியுள் மறைந்து மேலெழும் அவ்வூசிக்கு, குளத்தில் மீன் தேடி மூழ்கி எழும் மீன்கொத்திப் பறவையைப் புலவர் உவமை கூறுகிறார். இவ்வுவமையைப் படைத்தவர், புண் தைப்பதை அருகில் நின்று கண்டவராகவே இருத்தல் வேண்டும். அறுவை மருத்துவம் தமிழர்க்குப் புதியதன்று என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

அவ்வூசியைப் பிடிக்கப் பழகிய கை, கடல் சூழ்ந்த இத்தீவுகளுக்கு எவ்வாறு வந்தது? எவ்வளவு காலம் தாழ்த்து வந்தது? தாய்நாட்டை விட்டு இங்குக் குடியேறி வாழும் நம் குடும்பங்கள் இவ்வரலாற்றை அறிந்திருத்தல் நன்று. ஏனெனில், மரத்திலிருந்து வீழ்ந்தவரோ வண்டி மோதிச் சாய்ந்தவரோ பிழைப்பது, பெரும்பாலும் பயின்ற கை எவ்வளவு அண்மையில் உள்ளது என்பதைப் பொறுத்தது.

மருத்துவர் தொடங்கிய தண்டனைத் தீவு

1858ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 10ஆம் நாள், 200 கைதிகளுடன் ஒரு கப்பல் போர்ட் பிளேர் துறையை அடைந்தது. அக்கைதிகளுக்குத் தலைமை அதிகாரியாக வந்தவர் ஜேம்ஸ் பாட்டிசன் வாக்கர் என்பார். அவர் ஒரு மருத்துவர். எனவே இக்குடியேற்றத்தைத் தொடங்கியதே மருத்துவர் ஒருவர்தாம் என்னலாம். ஆயினும் உயிர் காக்கக் கற்ற அவர், தப்பியோடிப் பிடிபட்ட கைதிகளுள் எண்பதின்மருக்கும் மேற்பட்டோரை ஒரே நாளில் தூக்கிலிட்டவர். கல்வி மட்டும் இருந்து கருணை இல்லையாயின் மருத்துவம் யாதாகும் என்பதற்கு இத்தீவின் வரலாற்றுடைய முதல் ஏடே சான்று.

வைசிராய்க்கு நேர்ந்தது

1872ஆம் ஆண்டு பெப்ருவரி 8ஆம் நாள் மாலை, இந்தியாவின் வைசிராய் மேயோ பிரபு ஹாரியட் மலையிலிருந்து இறங்கி ஹோப்டவுன் படகுத்துறைக்கு வந்தார். இருள் கவிந்த அவ்வேளையில், ஷேர் அலி அஃப்ரிதி என்ற கைதி பின்புறமிருந்து பாய்ந்து அவரைக் கத்தியால் இருமுறை குத்தினான். காவலர் சூழ நின்றனர். அவர் ஏறவேண்டிய ‘கிளாஸ்கோ’ கப்பல் துறைமுகத்திலேயே நின்றது. ஆயினும் அக்கப்பலை அடையுமுன்னரே குருதி வடிந்து அவர் உயிர் நீத்தார்.

பரந்த பேரரசின் தலைவர் அவர். அவருடைய பதவியால் ஒரு துளிக் குருதியையும் நிறுத்த இயலவில்லை. குருதிக்கு வகைகள் உண்டென்பதை லேண்ட்ஸ்டைனர் கண்டறிந்தது 1901ஆம் ஆண்டில்தான். வழிந்த குருதிக்கு ஈடாகப் பிறர் குருதியை அச்சமின்றி ஏற்றும் வழி அதன்பின்னரே திறந்தது. வைசிராயும் கைதியும் அன்று ஒரே நிலையில்தான் இருந்தனர். காயம் கடுமையாயின் காப்பார் இல்லை.

சாவிலிருந்து கற்ற பாடங்கள்

காயத்தால் நேரும் சாவைத் தடுக்க உலகம் எவ்வாறு கற்றது என்பதை ஈண்டுச் சுருங்கக் காண்போம். நெப்போலியன் படையின் அறுவை மருத்துவர் லாரே, 1790களில் குதிரை வண்டிகளைப் போர்க்களத்துக்கே செலுத்திக் காயமுற்றோரை ஏற்றி வரச் செய்தார். படைத்தலைவனா, காலாளா என்று பாராமல் காயத்தின் கடுமையை மட்டுமே நோக்கி முறை வகுத்தார். மருத்துவமனை வாயிலில் இன்று பின்பற்றப்படும் முறையின் வேர் இதுவே.

முதல் உலகப் போரின் தொடக்கத்தில், துப்பாக்கிக் குண்டால் தொடையெலும்பு முறிந்தோருள் நூற்றுக்கு எண்பதின்மர் வரை மாண்டனர். லிவர்ப்பூல் நகரத்து ஹியூ ஓவன் தாமஸ் என்ற மருத்துவர் முன்னரே வகுத்திருந்த இரும்புச் சட்டத்தை, அவருடைய மருகர் இராபர்ட் ஜோன்ஸ் போர்க்களத்துக்குக் கொண்டுவந்தார். முறிந்த காலை அசையாது நிறுத்திய பின்னரே வீரரைத் தூக்கினர். இறப்பு நூற்றுக்கு இருபதுக்கும் கீழ் இறங்கியதாக அக்கால அறிக்கைகள் கூறுகின்றன. மருந்து ஒன்றும் புதிதன்று. காயமுற்றவரை எடுத்துச் செல்லும் முறையே புதிது.

1952ஆம் ஆண்டில் கோபன்ஹேகன் நகரில் இளம்பிள்ளை வாதம் பரவியது. மூச்சுத்தசைகள் செயலற்ற நோயாளிகளுக்குத் தொண்டையில் துளையிட்டுக் குழாய் பொருத்தி, பையை அழுத்திக் காற்றூட்டலாம் என்று பியோர்ன் இப்சன் என்ற மருத்துவர் காட்டினார். ஏறத்தாழ 1,500 மாணவர்கள் முறைவைத்து, இரவு பகலாகக் கையாலேயே அப்பைகளை அழுத்தினர். அடுத்த ஆண்டில் தோன்றிய தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு இதுவே வித்து.

1976ஆம் ஆண்டில் ஜேம்ஸ் ஸ்டைனர் என்ற அமெரிக்க எலும்பு மருத்துவர், தம் குடும்பத்தாருடன் சிறு விமானத்தை ஓட்டிச் செல்கையில் அது நெபிராஸ்கா மாநிலத்து வயலொன்றில் வீழ்ந்தது. மனைவி மாண்டார், மக்கள் படுகாயமுற்றனர். அருகிலிருந்த சிற்றூர் மருத்துவமனையில் இத்தகைய காயங்களை முறைப்படி கவனிக்கக் கற்றவர் இலர் என்பதை அவர் கண்ணாரக் கண்டார். அத்துயரத்தைப் பாடத்திட்டமாக மாற்றினார். மூச்சுவழி, மூச்சு, குருதியோட்டம் என உயிரை முதலில் பறிக்க வல்லதை முதலில் கவனிக்கும் அம்முறை 1978ஆம் ஆண்டில் கற்பிக்கப்பெற்றது. 1980இல் அமெரிக்க அறுவை மருத்துவர் கல்லூரி அதனை ஏற்றது. இந்தியாவில் 2009ஆம் ஆண்டு முதல் அது கற்பிக்கப்படுகிறது. பெருநகரத்துக்காக அன்றி, தொலைவிலுள்ள சிற்றூருக்காகவே அப்பயிற்சி பிறந்தது என்பதை நம் தீவு மக்கள் சிறப்பாகக் கருதல் வேண்டும்.

சென்னையும் வேலூரும்

நம் தாயகமும் இத்துறையில் பின்தங்கியதன்று. சென்னைப் பொது மருத்துவமனை 1664ஆம் ஆண்டில் கோட்டைக்குள் தோன்றியது. அதனையொட்டிய மருத்துவப் பள்ளி 1835இல் நிறுவப்பெற்றுப் பின்னர்க் கல்லூரியாயிற்று. 1950ஆம் ஆண்டில் டாக்டர் பா. ராமமூர்த்தி அங்கு நரம்பு அறுவை மருத்துவத்தைத் தொடங்கினார். தலையில் அடிபட்டோர்க்கு அதனால் புதுவழி பிறந்தது.

வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் டாக்டர் மேரி வர்கீஸ் வரலாறு நெஞ்சை உருக்குவது. 1954ஆம் ஆண்டில் வண்டி விபத்தொன்றில் முதுகுத்தண்டு முறிந்து அவர் கால்கள் செயலிழந்தன. அவர் சோர்ந்திலர், சக்கர நாற்காலியில் அமர்ந்தவாறே தொழுநோயாளர் கைகளுக்கு அறுவை செய்தார். பின்னர் வெளிநாடு சென்று மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பி, வேலூரில் அத்துறைக்குத் தலைமை தாங்கினார். உயிரைக் காப்பது பாதிப் பணியே. வாழ வைப்பது மறுபாதி என்று அவர் வாழ்ந்து காட்டினார்.

சிறை இருந்த இடத்தில் மருத்துவமனை

இனி நம் தீவுக்குத் திரும்புவோம். 1896 முதல் 1906 வரை கட்டப்பெற்ற செல்லுலார் சிறையில் ஏழு கிளைகளும் 693 தனியறைகளும் இருந்தன. 1933ஆம் ஆண்டு மே மாதத்தில் அரசியற் கைதிகள் உண்ணாநோன்பு பூண்டபோது, அவர்களைப் பிடித்துக் குழாய் வழியே வலிந்து பால் ஊட்டினர். மகாவீர் சிங்கின் நுரையீரலுள் அப்பால் புகுந்தமையால் அவர் உயிர் துறந்தார். மோகன் கிஷோர் நாமதாசும் மோகித் மொய்த்ராவும் அந்நோன்பிலேயே மாண்டனர். தீவிர சிகிச்சைப் பிரிவில் இன்று உயிரூட்டும் அதே குழாய், அன்று கொலைக்கருவி ஆயிற்று.

சப்பானியர் ஆட்சியில் இத்தீவின் மருத்துவரும் பஞ்சாபிக் கவிஞருமான டாக்டர் திவான் சிங் காலேபானி 1943இல் சிறைப்பட்டு, அதே சிறையில் வதையுண்டு, 1944ஆம் ஆண்டு சனவரி 14ஆம் நாள் மறைந்தார். ஊரார் புண்ணை ஆற்றியவருடைய புண்ணை ஆற்ற ஒருவருமில்லை.

அச்சிறையின் வளாகத்திலேதான் 1963ஆம் ஆண்டில் கோவிந்த வல்லப பந்த் மருத்துவமனை எழுந்தது. சிறைக்கிளைகளுள் எஞ்சியவை மூன்றே. அவை 1979 முதல் தேசிய நினைவுச் சின்னமாக விளங்குகின்றன. கசையடிபட்டோர் அலறிய இடத்தில் இன்று காயமுற்றோர் ஆறுதல் பெறுகின்றனர்.

ஆழிப்பேரலையும் அதன்பின்னும்

2004ஆம் ஆண்டு திசம்பர் 26ஆம் நாளை நம்முள் மறந்தார் யார்? கார் நிக்கோபார், கச்சால் முதலிய தீவுகள் பேரழிவுற்றன. காயமுற்றோர் வானூர்தியிலும் கப்பலிலும் போர்ட் பிளேருக்குக் கொண்டுவரப்பட்டனர். கார் நிக்கோபாருக்கும் போர்ட் பிளேருக்கும் இடையே ஏறத்தாழ 270 கிலோமீட்டர். போர்ட் பிளேருக்கும் சென்னைக்கும் இடையே ஏறத்தாழ 1,360 கிலோமீட்டர். காயம் இவ்வளவு தொலைவு காத்திராது. சேறும் கடல்நீரும் புகுந்த புண்ணை உடனே தைத்து மூடலாகாது. தூய்மை செய்து திறந்து வைத்து, சில நாள் கழித்தே தைத்தல் வேண்டும். முதல் உலகப் போரின் சேற்றுநிலத்தில் கற்ற இப்பாடம், சிற்றூர் மருத்துவ நிலையத்தில் இருப்பவர்க்கும் தெரிந்திருத்தல் வேண்டும். அதனைக் கற்பிப்பதற்கே கல்லூரி வேண்டும்.

அக்கல்லூரி 2015ஆம் ஆண்டில் வந்தது. அந்தமான் நிக்கோபார் தீவுகள் மருத்துவ அறிவியல் நிறுவனம் ஆண்டுக்கு 100 மாணவர் என்ற அளவில், புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தோடு இணைந்து தொடங்கப்பெற்றது. மருத்துவர் ஒருவர் தொடங்கிய குடியேற்றம், மருத்துவக் கல்லூரி ஒன்றைக் காண 157 ஆண்டுகள் காத்திருந்தது! நகரின் பெயரும் 2024இல் ஸ்ரீ விஜயபுரம் என மாறிவிட்டது.

கல்வியோடு ஆராய்ச்சியும் இங்கேயே நிகழ்தல் வேண்டும். இதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 1980களின் இறுதியிலிருந்து, நுரையீரலில் குருதி கசிந்து திடீரென உயிர் பறிக்கும் காய்ச்சல் ஒன்று இத்தீவுகளில் தோன்றியது. காரணம் தெரியாமையால் அதற்கு அந்தமான் காய்ச்சல் என்றே பெயரிட்டனர். 1983 முதல் இங்கு இயங்கும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவின் நிலையம் ஆராய்ந்து, அது எலிக்காய்ச்சலே என்று 1990களில் நிறுவியது. தகுந்த மருந்தைக் காலத்தே கொடுக்க அதனால் வழி பிறந்தது. தென்னையிலும் கமுகிலும் இருந்து வீழ்வோர், படகில் அடிபடுவோர், முதலை கவ்வியோர், காட்டுச்சாலையில் மோதுண்டோர் ஆகியோரின் காயங்களையும் அவ்வாறே எண்ணி, எழுதி, ஆராய்தல் வேண்டும். தில்லியின் காயங்களைப் பற்றிய நூல் நம் தீவுக்கு முழுதும் பொருந்தாது.

நம் கடமை

வள்ளுவப் பெருந்தகை மருத்துவத்தை நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து பேணுவோர் என நான்காகப் பகுத்தார். அந்நான்காமவர் நாமே. மருத்துவர் வருமுன் காயமுற்றவர் அருகில் நிற்பவர் நாம் அல்லவா?

குருதி வழியுமிடத்தைத் தூய துணியால் அழுத்திப் பிடியுங்கள், காப்பித்தூளை அப்பாதீர்கள். மயங்கிக் கிடப்பவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள்; அது மூச்சுக்குழலுள் இறங்கும். மரத்திலிருந்து வீழ்ந்தவரைத் தோளும் காலும் பற்றி இழுக்காமல், கழுத்தும் முதுகும் வளையாதவாறு பலகையில் கிடத்தித் தூக்குங்கள். உதவினால் வழக்கு வருமே என அஞ்ச வேண்டா. 2019ஆம் ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் சாலை விபத்தில் உதவுவோர்க்குக் காப்பளிக்கிறது.

ஆண்டு விழாவில் ஆடலும் பாடலும் நிகழ்க. அவற்றோடு, நம் இளைஞர்கள் குருதி வகையைப் பதிவு செய்துகொள்ள ஒரு மேசையும் இடுவோம். முதலுதவிப் பயிற்சிக்கு ஒரு நாளும் ஒதுக்குவோம். நன்கு படிக்கும் நம் பிள்ளைகளுள் ஒருவரேனும் அறுவை மருத்துவம் பயின்று இத்தீவிலேயே தங்குமாறு ஊக்குவோம். நம்முடைய மீனவர் ஒருவர் நடுநிசியில் அடிபட்டு வருங்கால், பரணர் கண்ட அவ்வூசியைப் பிடிக்கும் கை நம் வீட்டுப் பிள்ளையின் கையாக இருக்கட்டும்.