சாளக்கிராமம் சொல்லும் சான்று

வைதிகர் இல்லத்துப் பூசை அறையிலே ஒரு கருங்கல். உள்ளங்கையில் அடங்கிவிடும் அளவுதான். அதற்கு நீராட்டு உண்டு, துளசி உண்டு, வேளை தவறாத படையல் உண்டு. வாசலில் நிற்பவன் பசித்திருக்கலாம், கல் பசித்திருக்கலாகாது! சாளக்கிராமம் என்பது அதன் பெயர். நேபாளத்துக் கண்டகி ஆற்றிலே கிடைப்பது. அந்த ஆற்றின் மேட்டு நிலத்தில் உள்ள முக்திநாத்தை, வைணவத் திருப்பதிகள் 108-இல் ஒன்றாகப் போற்றுவர். கல்லுக்குள் சுருள் சுருளாக ஒரு வடிவம் தெரியும். திருமாலின் கைச்சக்கரம் அது என்பர். அதனைப் பெண்கள் தொடலாகாது என விதி வகுத்தோர் உண்டு. 'சூத்திரன்' தொடலாகாது என வகுத்தோரும் உண்டு.

தொடும் உரிமை யாருக்கு என்று தலைமுறை தலைமுறையாக ஆராய்ந்தவர்கள், கல்லுக்குள் இருப்பது யார் என்று ஒரு நாளேனும் ஆராய்ந்திருக்கலாம். அவர்கள் செய்யவில்லை. நாம் செய்வோம்.

உள்ளே இருப்பது ஒரு கடல் உயிர்! அறிவியலார் அதற்கு இட்ட பெயர் அம்மோனைட். கணவாய்க்கு உறவினம். ஏறத்தாழ 15 கோடி ஆண்டுகளுக்கு முன்னர், இன்று இமயம் நிற்கும் இடத்திலே அலைவீசிய கடலில் நீந்தித் திரிந்தது. அதன் ஓடு ஒரு விந்தையான வீடு. உயிர் வளர வளர, பழைய அறைக்குப் பின்னால் ஒரு தடுப்புச் சுவர் எழுப்பும்; முன்னால் புதிய அறைக்குக் குடிபெயரும். பின்னறைகளில் காற்று நிறைந்திருக்கும். அதனால் மூழ்காமல் மிதக்கும். இன்றும் நாட்டிலஸ் என்னும் கடல் உயிர் இதே முறையில் வீடு கட்டுகிறது. சக்கரத்தின் 'ஆரங்கள்' என்று பக்தர் கண்டது, அந்த ஓட்டின் வரிமேடுகளையும் அறைச்சுவர்களையும்தான்.

செத்தவை யாவும் கல்லாகிவிடுவதில்லை. கோடியில் ஒன்றுக்குக்கூட அந்த வாய்ப்புக் கிட்டுவது அரிது. கரையிலே செத்துக் கிடக்கும் மீனைக் காக்கை கொத்தும், நண்டு தின்னும், எஞ்சியதை வெயிலும் அலையும் சிதைக்கும். கல்லாக வேண்டுமாயின், செத்த உடல் விரைந்து புதைய வேண்டும். அம்மோனைட் செத்துக் கடலடிச் சேற்றிலே விழுகிறது. மெல்லிய சேறு அதன்மேல் படிகிறது. உள்ளே உயிர்வளி குறைவு. ஆகவே அரிக்கும் உயிர்களின் ஆட்டம் அடங்குகிறது. தசை அழுகிப் போகிறது, ஓடு எஞ்சுகிறது. ஆண்டுக்கு ஆண்டு படிந்த சேறு நூறு முழம், ஆயிரம் முழம் என உயர்கிறது. அடிச்சேறு அமுங்கி அமுங்கிப் பாறையாகிறது. அந்தப் பாறையின் இடுக்குகளில் ஊறும் நீர் வெறும் நீரன்று. கரைந்த கனிமங்களைச் சுமந்த நீர். அது ஓட்டின் அறைகளுக்குள் புகுந்து கனிமத்தை இறக்கி வைக்கிறது. சில வேளை ஓடு கரைந்தே போகும். அப்போதும் அதன் அச்சு பாறையில் நிற்கும். அச்சிலே வேறு கனிமம் நிறைந்தால், ஓட்டின் வார்ப்பு ஒன்று உருவாகிவிடும் - கன்னான் அச்சிலே உலோகம் வார்ப்பது போல! சில இடங்களில் அம்மோனைட்டைச் சுற்றியே கனிமம் திரண்டு, சேற்றுப் பாறைக்குள் ஓர் இறுகிய உருண்டையாகும். கண்டகியின் கருங்கல் அவ்வாறு திரண்ட உருண்டையே.

கடலடியில் கிடந்தது மலைமேல் ஏறியது எங்ஙனம்? தெற்கே இருந்த இந்திய நிலத்தட்டு வடக்கு நோக்கி நகர்ந்தது. இடையில் இருந்த டெதிஸ் கடல் சுருங்கியது. ஏறத்தாழ 5 கோடி ஆண்டுகளுக்கு முன்னர் இந்தியத் தட்டு ஆசியாவோடு மோத, கடலடிப் பாறைகள் மடிந்து, நிமிர்ந்து, இமயமாக எழுந்தன. முக்திநாத் இன்று ஏறத்தாழ 3,700 மீட்டர் உயரத்தில் நிற்கிறது. எவரெஸ்டின் உச்சிப் பாறையே கடலிற் படிந்த சுண்ணாம்புக்கல். அதனுள்ளும் கடல் உயிர்களின் துணுக்குகள் கிடைத்துள்ளன. மலையை ஆறு அரிக்கிறது, உருண்டைகள் உதிர்ந்து நீரில் உருள்கின்றன. உருண்டு வந்ததை எடுத்து உட்கார வைத்துவிட்டனர், பூசை அறையில்!

வச்சிரகீடம் என்றொரு புழு கல்லைக் குடைந்து சக்கரம் வரைந்தது என்பது புராணிகர் கதை. இந்தச் சுருள் ஓர் உயிரின் வேலை என்ற அளவுக்கு ஊகித்தவர்கள் இன்னும் ஓரடி எடுத்து வைத்திருந்தால்? வைக்க விடுவதில்லை புராணம். எந்த இடத்தில் கேள்வி பிறக்க வேண்டுமோ, அந்த இடத்தில் சாபத்தையும் வரத்தையும் கொண்டுவந்து நிறுத்திவிடுகிறது.

மடமை நம் நாட்டின் தனிச்சொத்து என்று நாம் கூற வரவில்லை. எகிப்தியக் கடவுள் அம்மோனுக்கு ஆட்டுக்கடாவின் கொம்பு. இந்தச் சுருட்கல் அந்தக் கொம்புதான் என்றனர் பண்டை உரோமர். அம்மோனைட் என்ற பெயரே அங்கிருந்து வந்தது. இங்கிலாந்தில் விட்பி என்னும் கடலோர ஊரில், புனித ஹில்டா பாம்புகளைச் சபித்துக் கல்லாக்கினார் என்றனர். பாம்பென்றால் தலை எங்கே? வணிகர்கள் அம்மோனைட்டின் நுனியிலே பாம்புத் தலை செதுக்கி விற்றனர்! ஓர் உயிர், அங்கே கொம்பு, ஆங்கே பாம்பு, இங்கே சக்கரம். ஊருக்கு ஊர் கடவுள் மாறக் கதையும் மாறியது. ஓட்டை அறுத்துப் பார்த்தால் தெரியும் அறைகளோ எல்லா ஊரிலும் ஒன்றே.

அறுத்துப் பார்த்தவர்களுள் முன்னோடி ஒருவர், டென்மார்க்கில் பிறந்த ஸ்டெனோ. 1666-இல் இத்தாலியில் லிவோர்னோ அருகே பிடிபட்ட பெரிய சுறாவின் தலையை அவரிடம் அனுப்பினர். வாயைத் திறந்தார், பற்களைக் கண்டார், திடுக்கிட்டார். 'நாக்குக் கற்கள்' என்ற பெயரில், நஞ்சு முறிக்கும் தாயத்தாக மால்டாவிலிருந்து வந்து விலைபோன கற்கள் இதே வடிவம்! அவை கல்லாகிப் போன சுறாப் பற்கள் என்று 1667-இல் எழுதினார். 1669-இல் மேலும் ஒன்று கூறினார்: படிவுப் பாறை அடுக்கடுக்காக அமைவது, கீழடுக்கு மூத்தது, மேலடுக்கு இளையது. எளிய உண்மை. ஆயினும், பூமியின் வரலாற்றை ஏடு ஏடாகப் புரட்டும் வழியை மனிதனுக்குக் காட்டியது அதுதான். இத்தனை கண்ட ஸ்டெனோ பின்னாளில் துறவு பூண்டு கத்தோலிக்க ஆயரானார் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. அவர் ஆராய்ச்சிக்கு அதனால் இழுக்கும் இல்லை.

அன்றைய ஐரோப்பாவில் உலகின் வயதை வேத நூலிலிருந்து கணக்கிட்டு வைத்திருந்தனர். பேராயர் அஷர் 1650-இல் வெளியிட்ட கணக்குப்படி, உலகம் படைக்கப்பட்டது கி.மு. 4004. நாளும் குறித்தார், அக்டோபர் 23 என்று! அந்தக் கணக்கைத் தகர்த்த கரங்களுள் ஒரு சோடி, ஏழைப் பெண்ணின் கரங்கள்.

மேரி ஆனிங். 1799-இல் இங்கிலாந்தின் லைம் ரீஜிஸ் என்னும் கடற்கரை ஊரில் பிறந்தவர். தந்தை தச்சர். அவர் 1810-இல் கடனை வைத்துவிட்டு மாண்டார். பாறைச் சரிவில் உதிரும் அம்மோனைட்டுகளைப் பொறுக்கிச் சுற்றுலா வருவோரிடம் விற்றுக் குடும்பம் பிழைத்தது. 1811-இல் அண்ணன் ஒரு பெரிய மண்டை ஓட்டைக் கண்டான். மறு ஆண்டு மேரி எஞ்சிய உடலைக் கண்டார். மீனும் அன்று, முதலையும் அன்று - இக்தியோசார் என்று பின்னர் பெயர் பெற்ற கடல் ஊர்வன. மேரிக்கு அப்போது வயது பன்னிரண்டோ பதின்மூன்றோ! 1823-இல் நெடுங்கழுத்துப் பிளீசியோசாரின் முழு எலும்புக்கூட்டை எடுத்தார். பாரிசின் பேரறிஞர் கூவியே, இத்தனை நீளக் கழுத்து இருக்குமா என ஐயுற்றார். 1824-இல் இலண்டன் புவியியல் கழகம் கூடி ஆராய்ந்தது. பெண்ணின் கண்டெடுப்பு மெய்யே என்று தெளிந்தது. ஆனால் அந்தப் பெண்ணுக்கு அவையில் இடமில்லை. கட்டுரை படித்த கோனிபியர் மேரியின் பெயரைக் கூறவும் இல்லை. அந்தக் கழகம் பெண்களை உறுப்பினராக ஏற்றது 1919-இல்தான். மேரி 1847-இலேயே மறைந்துவிட்டார். அங்கே வேதநூலை மறுத்த அறிஞர் அவை, பெண்ணை மறுப்பதில் மட்டும் வேதியரோடு ஒத்திருந்தது. தோழர்கள் இந்த இடத்தைச் சற்று நின்று படிக்க வேண்டும்.

கல்லாகிப் போன கணவாயினத்தின் மைப்பையையும் மேரி கண்டெடுத்தார். அவருடைய தோழி எலிசபெத் பில்பாட் உலர்ந்து கிடந்த அந்த மையை நீரிலே குழைத்து, இக்தியோசாரின் தலையையே வரைந்து காட்டினார். கோடிக்கணக்கான ஆண்டு பழைய மை!

கோடி என்று எப்படிக் கூறுகிறீர் என்று கேட்கலாம், கேட்கத்தான் வேண்டும். யுரேனியம் மெல்ல மெல்ல ஈயமாக மாறும். ஒருவகை யுரேனியத்தில் பாதி மாறுவதற்கு 447 கோடி ஆண்டு ஆகும். பாறை அடுக்குகளுக்கு இடையே எரிமலைச் சாம்பல் படிந்திருந்தால், அதிலுள்ள மணிகளில் எவ்வளவு யுரேனியம், எவ்வளவு ஈயம் என அளந்து அடுக்கின் வயதைக் கணிக்கலாம். விண்கற்களின் ஈயத்தை அளந்து, பூமியின் வயது ஏறத்தாழ 455 கோடி ஆண்டு என 1956-இல் அறிவித்தார், அமெரிக்கரான பேட்டர்சன்.

உடனே துள்ளி எழுவார் புராணப் பண்டிதர். "பிரமனுக்கு ஒரு பகல் 432 கோடி ஆண்டு என்று நாங்கள் அன்றே சொன்னோமே!" என்பார். வகுப்பிலே வழிமுறை எழுதாமல் விடை மட்டும் எழுதும் மாணவனுக்கு நாம் மதிப்பெண் தருவதில்லை. எந்தப் பாறையை அளந்தார்கள்? எந்தக் கருவியால்? விடையேனும் சரியா? அதே புராணம் இலட்சக்கணக்கான ஆண்டு நீளும் யுகந்தோறும் அரசர்களை ஆள வைக்கிறது. மண்ணிலிருந்து கிடைத்த நம்மின மனிதனின் மிகப் பழைய எலும்புகளோ ஏறத்தாழ 3 இலட்சம் ஆண்டுகளுக்கு உட்பட்டவை. இன்னொருவர், மீன், ஆமை, பன்றி எனத் தொடங்கும் பத்து அவதாரமே பரிணாமக் கொள்கை என்பார். முப்பது கோடி ஆண்டுக்கு மேலாகக் கடலில் வாழ்ந்து, டைனோசார்களோடு 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் அழிந்தது அம்மோனைட் இனம். அதற்கு அவதாரப் பட்டியலில் இடம் எங்கே? பூசை அறையில் இருக்கிறது, பட்டியலில் இல்லை!

இமயத்துக்குப் போவானேன், நம் அரியலூருக்கே வருவோம். அங்கும் பெரம்பலூர்ப் பக்கமும் கிரெட்டேசியக் காலத்தில் கடல் புகுந்திருந்தது. 1840-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கே, கன்லிஃப் என்னும் ஆங்கிலேயர் இருவர் இங்கே கடல் உயிர்ப் படிவங்களைத் திரட்டி அனுப்ப, இலண்டனில் ஃபோர்ப்ஸ் ஆராய்ந்து 1846-இல் எழுதினார். பின்னர் ஸ்டோலிச்கா என்பார் 1873 வரை தொகுதி தொகுதியாக விவரித்தார். உலகப் புவியியலார் அறிந்த ஊர்ப்பெயர்கள் உத்தத்தூர், காரை, அரியலூர்! கலியுக வரதராசப் பெருமாள் கோயில் கொண்ட கல்லங்குறிச்சியின் சுண்ணாம்புக்கல், ஏறத்தாழ 7 கோடி ஆண்டுக்கு முந்திய சிப்பிகள் குவிந்த பாறை. அதை வெட்டித்தான் சிமெண்ட் செய்கின்றனர். நம் வீட்டுச் சுவரிலே அந்தக் கடல் இருக்கிறது.

இங்கே நம்மவர்க்கும் ஓர் எச்சரிக்கை தேவைப்படுகிறது. 2020-இல் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் தோண்டிய இடத்தில் உருண்டைக் கற்கள் வெளிப்பட்டன. "டைனோசார் முட்டை!" என்று செய்தி பறந்தது. புவியியலார் பார்த்தனர், முட்டை அல்ல, கனிமம் திரண்ட உருண்டைகள் என்றனர். கண்டகியின் கருங்கல்லுக்கு உறவினம்! வைதிகர் உருண்டையில் கடவுளைக் கண்டார். நம்மில் சிலர் டைனோசாரைக் கண்டனர். இரண்டும் உடைத்துப் பாராமல் கண்டவையே. கல்லமேட்டிலே 1980-களில் யாதகிரி, அய்யாசாமி என்னும் அறிஞர்கள் விவரித்த மாபெரும் டைனோசாருக்குப் பிருகத்காயோசாரஸ் என்று பெயர். உலகில் நடந்த விலங்குகளிலேயே பெரிதாக இருக்கலாம் என்பர் சிலர். ஆனால் அதன் எலும்புகள் பொடிந்துபோய்விட்டன, எஞ்சியவை படங்களே. ஆகவே, 'இருக்கலாம்' என்பதோடு நிறுத்திக்கொள்கிறது அறிவியல். தமிழ் மண்ணின் பெருமை என்பதற்காக நாம் அந்த 'லாம்' என்ற இரண்டெழுத்தை அழித்து எழுதலாகாது.

அரியலூருக்கு அருகே வாரணவாசியில் புதைபடிவங்களுக்கென்றே அரசு அருங்காட்சியகம் அமைத்துள்ளது. நமது படிப்பகங்கள் ஒரு விடுமுறை நாளில் அங்கே பிள்ளைகளை அழைத்துச் செல்லலாம். பெண் பிள்ளைகளை முன்வரிசையில் அழைத்துச் செல்லுங்கள். திரும்பும் வழியில் காரையின் செம்மண் ஓடைகளில் இறங்கி, காலடியில் கிடக்கும் கணவாயினத்துக் கற்களை அவர்கள் தம் கையால் எடுத்துப் பார்க்கட்டும்.