மதராஸ் முள்ளெலி: பெயரும் பாதுகாப்பும்

மதராஸ் முள்ளெலி தென்னிந்தியாவில் மட்டும் வாழும் சிறிய பாலூட்டி. இதன் அறிவியல் பெயர் பாராஎக்கினஸ் நியூடிவென்ட்ரிஸ். முதுகு முழுவதும் குட்டையான முட்கள் இருக்கும். ஆபத்து நேர்ந்தால் ஓடாமல் உடலைப் பந்துபோலச் சுருட்டிக்கொள்ளும். பகலில் பதுங்கி, இரவில் வெளியே வந்து பூச்சிகளைத் தேடித் தின்னும். தமிழில் எலி என்று அழைக்கப்பட்டாலும் இது கொறிவிலங்கு அல்ல. மூஞ்சூறு சேர்ந்த பூச்சியுண்ணி வரிசையைச் சேர்ந்தது. முள்ளம்பன்றியோ கொறிவிலங்கு. முட்களால் ஒன்றுபோலத் தோன்றினாலும் இரண்டுக்கும் நெருங்கிய உறவு இல்லை.

பெயர் வந்த கதை

லண்டனில் கிழக்கிந்தியக் கம்பெனி ஓர் அருங்காட்சியகத்தை நடத்திவந்தது. இந்தியாவிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் கம்பெனி அலுவலர்கள் திரட்டிய விலங்குகளின் தோல்களும் எலும்புகளும் அங்கே சேர்ந்தன. அதன் காப்பாளர் தாமஸ் ஹார்ஸ்ஃபீல்டு அமெரிக்காவில் பிறந்த மருத்துவர். ஜாவாவில் பல ஆண்டுகள் பணியாற்றியவர். 1851இல் அவர் வெளியிட்ட பாலூட்டிகள் பட்டியலில்தான் மதராஸிலிருந்து வந்த இந்த முள்ளெலி முதன்முதலாக அறிவியல் பெயர் பெற்றது. 'நியூடிவென்ட்ரிஸ்' என்ற லத்தீன் சொல்லுக்கு வெற்று வயிறு என்று பொருள்.

அந்தக் காலத்தில் மதராஸ் என்ற சொல் செயின்ட் ஜார்ஜ் கோட்டையைச் சுற்றிய நகரத்தைக் குறித்தது. வடக்கே கஞ்சம் முதல் தெற்கே திருநெல்வேலி வரை விரிந்த மாகாணத்தையும் அதே சொல் குறித்தது. இன்று நகரின் வடக்கே திருவொற்றியூர், எண்ணூர் கடற்கரை முழுவதும் துறைமுகமும் தொழிற்சாலைகளும் குடியிருப்புகளும் நிறைந்துள்ளன. முள்ளெலி பற்றிய அண்மைக்காலப் பதிவுகளோ பெரும்பாலும் கோயம்புத்தூர், திருப்பூர், திருநெல்வேலி, தூத்துக்குடி போன்ற மாவட்டங்களின் வறண்ட புல்வெளிகளிலிருந்தும் புதர்க்காடுகளிலிருந்தும் வருகின்றன. தலைநகரின் பழைய பெயரைச் சுமக்கும் விலங்கைத் தலைநகரத்து மக்களில் பலர் கேள்விப்பட்டதே இல்லை.

மருந்தாகிய முள்

தென்மாவட்டச் சிற்றூர்களில் முள்ளெலியை அறிந்தவர்கள் இருந்தனர். ஆனால் அந்த அறிமுகமே அதற்குக் கேடாகவும் முடிந்தது. முள்ளெலியின் முள்ளையும் தோலையும் சுட்டுச் சாம்பலாக்கித் தேனில் குழைத்துக் கொடுத்தால் குழந்தைகளின் கக்குவான் இருமல் தீரும் என்ற நம்பிக்கை நெடுங்காலமாக இருந்துவந்தது. இதற்காக முள்ளெலிகள் பிடிக்கப்பட்டதையும் விற்கப்பட்டதையும் பிராவின் குமார், வின்சென்ட் நைமன் ஆகிய ஆய்வாளர்கள் 2016இல் கட்டுரையாக வெளியிட்டனர்.

இந்த நம்பிக்கையைக் கொடுமை என்று ஒதுக்கிவிட முடியாது. மூச்சுத் திணற இருமும் குழந்தையை வைத்துக்கொண்டு வேறு வழியின்றி நின்ற தாய்மார்கள் நாடிய மருந்து அது. கக்குவான் இருமல் பாக்டீரியாவால் வரும் தொற்றுநோய். அதற்கான முத்தடுப்பு ஊசி 1978இல் தொடங்கிய இந்தியத் தடுப்பூசித் திட்டத்தில் இடம்பெற்றது. இன்று ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசமாகத் தடுப்பூசி கிடைக்கிறது, நோய் வந்தால் நுண்ணுயிர்க்கொல்லி மருந்தும் உண்டு. முள்ளெலியைத் தேட வைத்த தேவை மறைந்துவிட்டது. நம்பிக்கை மட்டும் சில இடங்களில் எஞ்சியிருக்கிறது.

இங்கிலாந்தில் நேர்ந்த மாற்றம்

முள்ளெலியைப் பற்றிய மக்களின் எண்ணம் மாறக்கூடியது என்பதற்கு இங்கிலாந்து சான்று. படுத்திருக்கும் பசுவின் மடியில் முள்ளெலி பால் குடிக்கும் என்று அங்கே உழவர்கள் நம்பினர். முதலாம் எலிசபெத் ஆட்சியில் 1566இல் இயற்றப்பட்ட தானியப் பாதுகாப்புச் சட்டம் அதைத் தீங்குயிர்களின் பட்டியலில் சேர்த்தது. கொன்று கொண்டுவந்தால் ஒன்றுக்கு 2 பென்னி வெகுமதி. ஊர் தேவாலய நிர்வாகிகள் அந்தப் பணத்தைக் கொடுத்துக் கணக்கில் எழுதி வைத்தனர்.

1905இல் பீட்ரிக்ஸ் பாட்டர் என்ற எழுத்தாளர் ஒரு முள்ளெலியைச் சலவைக்காரப் பெண்ணாக்கிக் குழந்தைகளுக்குக் கதை எழுதினார். 1982இல் ஏட்ரியன் கோல்ஸ் என்ற ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரி பிரிட்டிஷ் முள்ளெலிப் பாதுகாப்புச் சங்கத்தைத் தொடங்கினார். மாடுகள் தாண்டாமல் இருக்கச் சாலையில் வெட்டி, மேலே இரும்புக் கம்பிகள் பரப்பிய குழிகளில் முள்ளெலிகள் விழுந்து சாவதைக் கண்டு, அவை ஏறிவரச் சரிவுப்பலகை வைக்கச் சொன்னதே அவருடைய முதல் வேலை. 2011இல் தொடங்கிய மற்றொரு இயக்கம், வீட்டு வேலிகளின் அடியில் 13 சென்டிமீட்டர் சதுரத் துளை விடுமாறு கேட்டுக்கொண்டது. அந்தத் துளை வழியாக முள்ளெலி ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகலாம்.

இவ்வளவுக்குப் பிறகும் பிரிட்டனின் கிராமப்புறங்களில் 2000க்குப் பின் முள்ளெலிகள் பகுதிக்கேற்ப 30 முதல் 75 விழுக்காடு வரை குறைந்ததாக 2022 அறிக்கை கூறியது. புதர்வேலிகள் அழிந்ததும் பூச்சிக்கொல்லிகளும் சாலைகளும் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன. அன்பு மட்டும் ஓர் உயிரைக் காப்பாற்றிவிடாது, அது வாழும் நிலமும் வேண்டும் என்பதே இதிலிருந்து கிடைக்கும் பாடம்.

உயிர்வேலியும் வெற்று நிலமும்

தமிழ்நாட்டிலும் வேலியின் கதை இதுவே. கொங்கு நாட்டில் கொரங்காடு எனப்படும் மேய்ச்சல் நிலங்களைச் சுற்றி முள்ளுக்கிளுவையால் உயிர்வேலி அமைப்பது வழக்கம். இத்தகைய வேலிகளின் அடியில் சருகு சேரும், சருகில் பூச்சி சேரும். பூச்சி தின்னும் சிற்றுயிர்களுக்கு அது உணவும் மறைவிடமும் ஆகும். உயிர்வேலி போய்க் கம்பிவேலியும் சுற்றுச்சுவரும் வரும்போது அந்த மறைவிடம் இல்லாமற் போகிறது. வறண்ட புல்வெளியை ஒன்றுக்கும் உதவாத தரிசு என்று கருதி வீட்டுமனையாக மாற்றும்போது முள்ளெலியின் வாழிடம் முழுவதுமாகப் போய்விடுகிறது. இரவில் சாலையைக் கடக்கும் முள்ளெலி, வண்டி வரும்போது ஓடாமல் சுருண்டுகொள்கிறது. நரியிடமிருந்து அதைக் காத்த பழக்கம் சக்கரத்தின் முன் உதவுவதில்லை.

சட்டமும் ஆய்வும்

1972ஆம் ஆண்டு வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தின் பழைய அட்டவணையில் இடம்பெற்ற முள்ளெலி நீள்காது முள்ளெலிதான். மதராஸ் முள்ளெலி அதில் தனியே பெயர் குறிப்பிடப்படவில்லை. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் சிவப்புப் பட்டியல் அதைக் கவலை குறைந்த இனமாக வகைப்படுத்தியதும் கவனம் திரும்பாததற்கு ஒரு காரணம். இதன் பரவலையும் வாழிடத்தையும் தொகுத்துரைக்கும் ஆய்வுக்கட்டுரை 2019இல்தான் வெளிவந்தது. ஹார்ஸ்ஃபீல்டு பெயர் வைத்து அப்போது 168 ஆண்டுகள் ஆகியிருந்தன. 2025இல் தமிழ்நாடு அரசு சிங்கவால் குரங்கு, கழுதைப்புலி, திமில் கொண்ட மஹசீர் மீன் ஆகியவற்றுடன் மதராஸ் முள்ளெலியையும் சேர்த்து நான்கு இனங்களின் பாதுகாப்புக்கு 1 கோடி ரூபாய் ஒதுக்கியது. அதில் முள்ளெலிக்கு உரிய பங்கு 20.5 லட்சம்.

தோட்டத்தில் செய்யத்தக்கவை

முள்ளெலி வாழும் பகுதிகளில் வீட்டாரும் உழவரும் செய்யக்கூடியவை எளியவை. தோட்டத்தின் ஒரு மூலையில் சருகையும் விறகையும் கலைக்காமல் விடலாம். குப்பைக்குத் தீ வைக்கும் முன் குச்சியால் கிளறிப் பார்க்கலாம். எலிப்பாஷாணத்தையும் பூச்சிமருந்தையும் குறைக்கலாம். தொட்டிகளிலும் குழிகளிலும் ஒரு பலகையைச் சாய்த்து வைத்தால் விழுந்த உயிர் ஏறிவிடும். கோடையில் ஆழமற்ற தட்டில் தண்ணீர் வைக்கலாம். பால் வைக்கக்கூடாது, முள்ளெலிக்குப் பால் செரிக்காது. பிடித்து வீட்டில் வளர்ப்பதும் உதவி ஆகாது. அடிபட்ட முள்ளெலியைக் கண்டால் வனத்துறைக்குத் தெரிவிக்க வேண்டும். சுருண்டு கிடப்பதை உருட்டிப் பார்க்காமல் விலகி நின்றால் சிறிது நேரத்தில் அது தானே விரிந்து தன் வழியே போய்விடும்.