வெற்றிலைச் சிவப்பும் வெண்தடிப்பும்

மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் வெற்றிலைக்கு உள்ள மதிப்பை நேயர்களுக்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. கலியாணத்துக்கு அழைப்பதும் வெற்றிலை வட்டாவோடு. வந்த விருந்தினரை உபசரிப்பதும் அதனோடுதான். படுவான்கரை வயல்களிலே இராக்காவல் இருப்பவர் உறக்கத்தை விரட்டுவதும், வாவியிலே வலை வீசுபவர் விடியுமட்டும் விழித்திருப்பதும் வெற்றிலை பாக்கின் துணை கொண்டே. பாக்கும் சுண்ணாம்பும் சேர்ந்தபின் ஒரு துண்டுப் புகையிலையும் அதனோடு சேர்ந்துவிடும். வாய் சிவப்பது மங்கலம் எனக் கருதிய மக்கள், அச்சிவப்புக்கு அடியிலே கன்னத்தின் உட்புறத்தில் நோவின்றிப் படரும் ஒரு வெள்ளைத் தடிப்பைப் பொருட்படுத்தியதில்லை. நோவில்லாத ஒன்றை யார்தான் நோயென்று எண்ணுவர்?

இலங்கையின் ஆண்களிடையே மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோயே. அதன் வரலாற்றில் முதலிற் குறிப்பிடத்தக்க ஊர், கடலுக்கு அப்பால், அக்காலத்துத் திருவிதாங்கூரில் இருந்த நெய்யூர். இன்று அது தமிழ்நாட்டின் கன்னியாகுமரி மாவட்டத்தைச் சேர்ந்தது. அங்கிருந்த மிஷன் வைத்தியசாலையிலே பணியாற்றிய பென்றோல் என்னும் ஆங்கில வைத்தியர், தாம் கண்ட ஏறத்தாழ 1,700 புற்றுநோயாளரின் விவரங்களைத் தொகுத்து 1908ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை வெளியிட்டார். வெற்றிலை மெல்லும் வழக்கத்துக்கும் வாயில் எழும் புற்றுக்கும் உள்ள உறவை அக்கட்டுரை உலகுக்கு உணர்த்தியது. அதே வைத்தியசாலையைச் சேர்ந்த ஓர் என்பவர் 1933இல் இவ்வாராய்ச்சியை மேலும் தொடர்ந்து, வெற்றிலையோடு சேரும் புகையிலையின் பங்கை விளக்கினார். எவரெஸ்ட் சிகரத்தை நோக்கிச் சென்ற குழுக்களில் இடம்பெற்ற சொமர்வெல் என்னும் சத்திரசிகிச்சை நிபுணரும் மலையை விட்டு இந்த நெய்யூருக்கே பணிபுரிய வந்தார்.

ஈழத்தவருக்கு இதில் இன்னொரு தொடர்பும் உண்டு. யாழ்ப்பாணத்துத் தோட்டங்களில் விளைந்த புகையிலை, 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதிவரை திருவிதாங்கூருக்குக் கப்பலேறிய பெரும் வணிகப் பொருளாக இருந்தது. யாழ்ப்பாணத்துக் கல்வீடுகள் பலவற்றுக்கு அவ்வணிகமே அத்திவாரமாகும். நெய்யூர்க் கட்டிலிற் கிடந்த நோயாளர் சிலர் மென்றதும் அப்புகையிலையாக இருந்திருக்கக் கூடும்.

நெய்யூர் வைத்தியர்கள் கண்ட நோயாளருட் பெரும்பாலோர் காலங் கடந்து வந்தவர்கள். ஆனால் வாய்ப் புற்றுக்கு ஓர் இயல்பு உண்டு. அது பெரும்பாலும் திடீரெனத் தோன்றுவதில்லை. வெண்தடிப்பாகவோ, செந்தடிப்பாகவோ, வாயை அகலத் திறக்கவொட்டாது கன்னம் இறுகுவதாகவோ ஆண்டுக்கணக்கில் முன்னறிவிப்புக் காட்டும். குடலிலும் கருப்பையிலும் எழும் புற்றைக் காணக் கருவி வேண்டும்; இதைக் காண ஒரு கைவிளக்குப் போதும். அவ்வாறாயின் வைத்தியர் வரும்வரை காத்திருப்பானேன்? கிராமத்துச் சுகாதாரப் பணியாளரே பார்த்தால் ஆகாதா?

இக்கேள்விக்கு விடை தேடிய முயற்சி இலங்கையிலேயே நிகழ்ந்தது. பல் வைத்தியராகிய வர்ணகுலசூரிய, டென்மார்க் நாட்டு அறிஞர் பின்ட்போர்க் முதலியோருடன் சேர்ந்து மத்திய மாகாணக் கிராமப்புறத்தில் ஓர் ஆய்வு நடத்தினார். 34 ஆரம்ப சுகாதாரப் பணியாளர்கள் சிறிது பயிற்சி பெற்று, ஓராண்டுக் காலத்தில் 28,295 பேரின் வாயைச் சோதித்தனர். 1,220 பேரிடம் மேற்பரிசோதனை வேண்டிய குறிகளைக் கண்டு வைத்தியசாலைக்குச் செல்லப் பணித்தனர். சென்றவர்களை வைத்தியர்கள் மீண்டும் பார்த்தபோது, பணியாளர்களின் கணிப்பு மிகப் பெரும்பாலும் சரியாகவே இருந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் சஞ்சிகையில் 1984இல் வெளிவந்த அறிக்கை இது.

அதே அறிக்கையில் மனத்தை உறுத்தும் எண் ஒன்றும் உண்டு. அனுப்பப்பட்ட 1,220 பேருள் வைத்தியசாலைக்குச் சென்றவர் 660 பேரே. எஞ்சிய 560 பேர் போகவில்லை. அவர்களை அறியாமை மிக்கவர்கள் என்று பழிப்பது எளிது, நியாயமன்று. ஒரு நாட் கூலியை இழந்து, நோவு எதுவும் இல்லாத வாயைக் காட்டுவதற்காக வண்டிச் செலவு செய்ய ஏழைக் குடும்பி தயங்குவது இயல்பே.

வாவிக்கரையில் இத்தயக்கத்துக்குக் காரணங்கள் இன்னும் மிகுதி. ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் வாவி, சூரியன் உதிக்கும் எழுவான்கரையையும் மறையும் படுவான்கரையையும் பிரித்து நிற்கிறது. பெரிய வைத்தியசாலை எழுவான்கரைப் பக்கம். வயலும் வறுமையும் படுவான்கரைப் பக்கம். மண்முனைத் துறையிலே பாதைக்காகக் காத்திருந்து வாவியைக் கடப்பதே வழக்கம். அங்குப் பாலம் திறக்கப்பட்டது 2014ஆம் ஆண்டிலேதான். கதிர்ச் சிகிச்சை வேண்டுமெனில் நெடுங்காலம் மகரகமைக்கே செல்ல வேண்டியிருந்தது. முந்நூறு கிலோமீற்றர் அளவான அப்பயணம், முப்பதாண்டுப் போர்க்காலத்திலே சோதனைச் சாவடிகளையும் கடந்தாக வேண்டிய பயணம்.

முன்கூட்டிக் கண்டால் உயிர் பிழைக்குமா என்பதற்குத் திட்டமான சான்று கேரளத்திலிருந்து வந்தது. திருவனந்தபுரம் மாவட்டத்திலே 1996இல் தொடங்கிய ஆய்வில், பயிற்சி பெற்ற பணியாளர்கள் வீடு வீடாகச் சென்று 35 வயதைக் கடந்தோரின் வாயைப் பார்த்தனர். சங்கரநாராயணன் முதலியோர் 2005இல் வெளியிட்ட முடிவின்படி, புகையிலையோ மதுவோ பழகியவர்களிடையே வாய்ப் புற்றினால் நேரும் மரணம் 34 வீதம் குறைந்திருந்தது.

எல்லாப் புற்றுநோய்க்கும் இவ்வழி இவ்வளவு நேராக அமைவதில்லை. பெருங்குடற் புற்றைக் காண மலத்திலே கண்ணுக்குப் புலப்படாத இரத்தத்தைத் தேடும் சோதனை உண்டு. அமெரிக்காவின் மினசோட்டாவில் 1975இல் தொடங்கி 46,551 பேரை வைத்து நடத்திய ஆய்வு, ஆண்டுதோறும் அச்சோதனை செய்தோரிடையே அந்நோய் மரணம் 33 வீதம் குறைந்ததை 1993இற் காட்டியது. ஆண்களின் முன்னிற்குஞ் சுரப்பிப் புற்றுக்கான இரத்தப் பரிசோதனையோ வேறு கதை. 2009இல் வெளிவந்த இரண்டு பேராய்வுகளுள் ஐரோப்பிய ஆய்வு மரணம் 20 வீதம் குறைந்தது என்றது. அமெரிக்க ஆய்வு பயனைக் காணவில்லை. அந்நோய் பலரிடத்து மிக மெதுவாக வளர்வதால், அதனால் ஒருபோதும் இறந்திராத முதியவரும் சிகிச்சையின் துன்பங்களுக்கு ஆளாக நேர்ந்தது. முன்கூட்டி அறிவதெல்லாம் நன்மை என்ற நம்பிக்கைக்கு எல்லை உண்டென்பதை வில்சன், யங்னர் ஆகிய இருவரும் 1968இலேயே உலக சுகாதார நிறுவனத்துக்காக எழுதிய நூலில் வகுத்திருந்தனர். நோயைக் கண்டபின் அதற்குச் சிகிச்சை செய்யும் வசதி இருத்தல் வேண்டும் என்பது அவர்கள் விதித்த நிபந்தனைகளுள் ஒன்று. அந்நிபந்தனையை வாசிக்கும்போது மண்முனைத் துறை நினைவுக்கு வராமற் போகாது.

இலங்கையில் 2011 முதல் ஆரோக்கியமான வாழ்க்கைமுறை நிலையங்கள் அமைக்கப்பட்டன. 35 வயதைக் கடந்தோர்க்கு இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்ப்பதோடு, வாயையும் அங்கே பார்க்கின்றனர். 2016இல் மெல்லும் புகையிலைப் பண்டங்களின் விற்பனை சட்டத்தால் தடுக்கப்பட்டது. மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலையிலும் இன்று புற்றுநோய்ச் சிகிச்சைப் பிரிவு இயங்குகிறது.

நிலையத்துக்குச் செல்ல இயலாதவரும் வீட்டிலேயே செய்யக்கூடியது ஒன்று உண்டு. காலை வெளிச்சத்தில், வாயை நன்கு கொப்பளித்தபின், கண்ணாடி முன் நின்று இரு கன்னங்களின் உட்புறத்தையும், நாக்கின் ஓரங்களையும், நாக்கை மேலே தூக்கி அதன் அடியையும் பார்த்தல் வேண்டும். வெற்றிலையை அடக்கி வைக்கும் பக்கத்தைச் சற்று அதிக நேரம் பார்ப்பது நன்று. துடைத்தும் போகாத வெள்ளைத் தடிப்போ, சிவந்த இடமோ, மூன்று வாரமாகியும் ஆறாத புண்ணோ தென்பட்டால், நோவு இல்லாவிடினும் வைத்தியரிடம் காட்ட வேண்டியது. படுவான்கரைக்காரர் அதற்காக இப்பொழுது மண்முனைத் துறையிலே பாதைக்குக் காத்து நிற்க வேண்டியதில்லை.