ஓடம் நிலைக்காத ஆறு

ஆறு என்னும் சொல்லுக்கு நம் மொழியில் வழி என்றும் ஒரு பொருள் உண்டு. நீர் தானே வகுத்துக்கொண்ட வழி ஆதலின் அப்பெயர் அதற்கு மிகவும் பொருந்தும். ஆயினும் எல்லா ஆறுகளும் மனிதனுக்கு வழியாய் அமைவதில்லை. சில ஆறுகள் ஓடத்தைச் சுமந்து செல்லும். சில ஆறுகள் ஆண்டின் பெரும்பகுதி வெறும் மணலாய்க் கிடக்கும். ஓடத்தில் ஏறி, நீரின் போக்கிலேயே மிதந்து சென்று மீன் பிடிக்கத்தக்க ஆறு நம் பக்கத்தில் எது என்று சாத்தூர்க்காரர் ஒருவர் கேட்டால், அவருக்கு என்ன விடை கூறுவது? வினா சிறியது, விடை தேடப் புகுந்தாலோ அது தென்னாட்டு நீர் வரலாற்றையே தொட்டுச் செல்கிறது.

மிதந்து சென்று மீன் பிடிக்கும் கலைக்கு ஏற்ற படகு எது என்பதை முதலில் காண்போம். அமெரிக்க நாட்டின் மேற்கே ஆரிகன் மாநிலத்தில் மெக்கன்சி என்னும் ஆறு ஓடுகிறது. மலையிற் பிறந்து பாறைகளினூடே விரைந்து வரும் ஆறு அது. அவ்வாற்றில் மீன் பிடிப்பதற்கென்றே இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் தனி வகைப் படகு ஒன்று உருவாயிற்று. அதன் அடி தட்டையானது. முன்னும் பின்னும் மேல்நோக்கி வளைந்திருக்கும். துடுப்பு வலிப்பவர் நீர் செல்லும் திசையை நோக்கியே அமர்வார். அவர் துடுப்பு வலிப்பது விரைந்து செல்வதற்கன்று. ஆற்றின் வேகத்தினும் படகு மெல்லச் செல்ல வேண்டும் என்பதற்காகவே. அவ்வாறு தடுத்துத் தடுத்துச் செல்லும்போது தூண்டில்காரர் கரையோரத்து மடுக்களில் தூண்டிலை வீசுவார்.

இத்தகைய கலம் நமக்குப் புதியதன்று. நம் நாட்டில் அதன் வேலையைச் செய்வது பரிசல். மூங்கிற் பிளாச்சுகளைப் பின்னிக் கூடைபோல் முடைந்து, முற்காலத்தில் தோலாலும், பிற்காலத்தில் கீல் பூசிய துணியாலும் செயற்கைத் தாள்களாலும் போர்த்தப்பெறுவது அது. 1520-ஆம் ஆண்டையொட்டி விசயநகரத்தைக் கண்ட போர்ச்சுகீசியராகிய டொமிங்கோ பயஸ், துங்கபத்திரையைக் கடக்க மக்கள் பயன்படுத்திய வட்ட ஓடங்களைப் பற்றி எழுதியிருக்கிறார். உள்ளே பிரம்பும் வெளியே தோலுமாக அமைந்த அவ்வோடங்கள் பதினைந்து இருபது பேரை ஏற்றிச் சென்றன என்றும், நேரே செல்லாமல் சுழன்றுகொண்டே சென்றன என்றும் அவர் குறித்துள்ளார். ஒகேனக்கல்லில் பரிசல் ஏறியவர் எவரும் அந்தச் சுழற்சியை அறிவர்.

சென்னை மாகாண மீன்துறையின் இயக்குநராக இருந்த சேம்சு ஆர்னெல் என்பார், தென்னிந்தியப் பரிசல்களைப் பற்றி 1933-இல் ஒரு கட்டுரை எழுதினார். பிறகு பிரிட்டனில் வழங்கிய தோல் ஓடங்களையும் ஆராய்ந்தார். வேல்சு நாட்டின் ஆறுகளில் இரு பரிசல்கள் ஒன்றுக்கொன்று இடைவெளி விட்டு, இடையே ஒரு வலையைப் பிடித்தபடி நீரோட்டத்தோடு மிதந்து மீன் பிடிப்பது பழைய வழக்கம். காவிரியில் வாழும் பரிசற்காரரும் வேல்சு நாட்டுச் செம்படவரும் ஒருவரை ஒருவர் கண்டதில்லை. ஆயினும் பாறையும் ஆழமின்மையும் வேகமும் கூடிய ஆறு இருவருக்கும் ஏறத்தாழ ஒரே கலத்தைக் கற்பித்தது. ஓடத்தின் வடிவை வகுப்பது தச்சன் மட்டும் அல்லன். ஆறும் அதனை வகுக்கிறது.

ஆகவே, மிதந்து மீன் பிடிக்கும் ஆறு வேண்டுமெனில் தமிழ்நாட்டில் முதலிற் சுட்ட வேண்டியது காவிரியே. ஆனால் காவிரியும் பழைய காவிரியாக இல்லை. 1934-இல் மேட்டூர் அணை கட்டி முடிக்கப்பெற்றபின், அதன் கீழே ஆற்றின் ஓட்டம் வானத்தின் கையிலிருந்து மதகின் கைக்கு மாறிற்று. கடலிலிருந்து ஆறேறி வந்து முட்டையிடும் உல்லம் என்னும் மீனுக்கு அணைகள் தடையாயின. மேட்டூருக்குக் கீழே மின்சாரத்திற்காகக் கதவணைகளும் பல எழுந்தன. இடையிடையே தடுக்கப்பெற்ற ஆற்றில் பரிசல் கரை கடக்கலாம். நெடுந்தூரம் நீரோடு மிதந்து செல்வது அரிது.

சாத்தூருக்கு அண்மையில் ஆண்டு முழுதும் நீர் காணும் ஆறு தாமிரபரணி. 1910-இல் இராமநாதபுரம் மாவட்டம் அமையும்வரை சாத்தூர் வட்டம் திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்ததே ஆதலின், அந்த ஆற்றோடு சாத்தூருக்குப் பழைய உறவு உண்டு என்றும் சொல்லலாம். ஆனால் தாமிரபரணியின் குறுக்கே எட்டு அணைக்கட்டுகள் உள்ளன. அவற்றுள் ஏழு பழையவை. கடைசியாகிய திருவைகுண்டம் அணைக்கட்டு பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் காலத்தில் எழுந்தது. மிதந்து வரும் ஓடம் சில கல் தொலைவு செல்லுமுன் ஓர் அணைக்கட்டின் முதுகில் வந்து முட்டும். அவ்வாறு முட்டுவது ஓடக்காரனுக்குக் குறை. வயலுக்கோ அதுவே வாழ்வு. நம் முன்னோர் ஆற்றைக் கண்டபோது, 'இதில் எங்கே மிதப்பது' என்று எண்ணவில்லை. 'இதனை எங்கே திருப்புவது' என்றே எண்ணினர்.

இனிச் சாத்தூரின் சொந்த ஆறாகிய வைப்பாற்றுக்கு வருவோம். மேற்குத் தொடர்ச்சி மலையில் தோன்றி, தென்காசி, விருதுநகர், தூத்துக்குடி மாவட்டங்களின் வழியே ஏறத்தாழ நூற்று முப்பது கிலோமீட்டர் கிழக்கே நடந்து, சிப்பிகுளத்தை அடுத்து மன்னார் வளைகுடாவில் கலக்கிறது அது. இருக்கன்குடியில் அர்ச்சுனா ஆறு அதனோடு கூடுகிறது. இரு கங்கைக் குடி என்பதே இருக்கன்குடி ஆயிற்று என்பர் ஊரார். வைப்பாற்றின் கரையிலே தொன்மை வாழ்வு இருந்தது என்பதற்கு ஐயமில்லை. வெம்பக்கோட்டையை அடுத்த விசயகரிசல்குளத்தில் 2022-இல் தொடங்கிய அகழாய்வில், கடற்சங்கை அறுத்துச் செய்த வளையல்கள் கிடைத்தன. கடல் உள்நாட்டிற்கு வந்திருக்கிறது என்பது அவற்றால் தெளிவு. ஆனால் அந்தச் சங்கு ஆற்றில் ஓடம் ஏறி வந்தது என்று முடிவு கட்டுதல் ஆகாது.

ஏனெனில் வைப்பாறு மழைக்கு ஓடுவது. இப்பகுதியின் ஆண்டு மழை ஏறத்தாழ எண்ணூறு மில்லிமீட்டர். அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையிலேயே பெய்து முடிந்துவிடும். வெள்ளம் வந்தால் கரை தழுவி வரும்; அந்த வேகத்தில் ஓடம் விடுதல் அறிவுடைமை ஆகாது. வெள்ளம் வடிந்தாலோ ஓடம் தரை தட்டும். இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட நாள்கள் சிலவே. அந்தச் சில நாள்களுக்காக எவரும் ஓடம் செய்து கரையில் காத்திருக்க மாட்டார். கழிமுகத்தில், கடல்நீர் ஏறும் இடத்தில், மீனவர் ஊர்கள் உண்டு; சாத்தூர்ப் பாலத்தடியிலோ மணலே உண்டு.

ஆயின் சாத்தூர்ச் சீமை மீன் உண்ணாத சீமையா? அன்று. ஆறு நிலைத்து ஓடாத நாட்டில், நம்மவர் ஆற்றைத் துண்டு துண்டாக்கி ஊருக்கொரு கண்மாயில் தேக்கி வைத்தனர். ஆற்றில் வெள்ளம் வரும் சில நாள்களுக்குள் வரத்துக்கால்கள் வழியே நீர் கண்மாய்க்குச் செல்லும். ஒன்று நிறைந்தால் கலிங்கு வழியே அடுத்ததற்கு வழியும். நீரோடு மீனும் செல்லும். விரால், கெளுத்தி, கெண்டை, ஆரால், அயிரை என்று அங்கே மீன் குலம் பெருகும். அவற்றுள் விரால், நீர் வற்றும் நாட்டிற்கென்றே பிறந்தது போன்றது: மேலே வந்து காற்றையும் சுவாசிக்க வல்லது, சேற்றிலும் சில காலம் உயிர் தாங்குவது, தன் குஞ்சுகளைக் கூட்டமாகக் காத்து நீந்துவது. ஓடம் இல்லாத இடத்தில் வீச்சுவலையும் தூண்டிலும் ஊத்தாவும் மீன்பிடி கருவிகள் ஆயின. கோடையில் நீர் குறைந்ததும், பாண்டி நாட்டு ஊர்கள் பலவற்றில் பெரியவர் ஒருவர் வெள்ளைத் துண்டை வீசிக் குறிப்புக் காட்டுவார்; கரையில் நின்ற ஊரே கண்மாயில் இறங்கும்.

இந்த மீனுக்கு ஒரு வரலாற்றுச் சிறப்பும் உண்டு. இடைக்காலக் கல்வெட்டுகளில் பாசிப்பாட்டம் என்னும் வருவாய் காணப்பெறுகிறது. ஏரியில் மீன் பிடிக்கும் உரிமைக்குச் செலுத்தும் தொகை அது. 'மீன்பாசி ஏலம்' என்று நம் ஊர்களில் வழங்கும் சொல்லில் அந்தப் பாசி இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மீன் வருவாயை அந்த ஏரியின் தூர் எடுப்பதற்கே செலவிட வேண்டும் என்று வகுத்த ஊர்களும் இருந்தன. நீர் மீனைத் தந்தது. மீன் நீர்நிலையைக் காத்தது. உத்தரமேரூரில் பத்தாம் நூற்றாண்டிலேயே ஏரி வாரியம் என்றொரு குழு இருந்ததை நாம் பெருமையோடு பேசுகிறோம். அத்தகைய வாரியங்களுக்குக் கை கொடுத்த வருவாய்களுள் மீனும் ஒன்று என்பதை மறத்தல் ஆகாது.

ஆங்கிலேயர் காலத்தில் இந்தக் கட்டு தளர்ந்தது. ஊரார் கூடிச் செய்துவந்த குடிமராமத்தை 1858-இல் சட்டத்தின் துணைகொண்டு செய்விக்க வேண்டிய நிலை ஏற்பட்டது. மீன் பிடிப்பதிலோ அவர்களுள் சிலர் பேரார்வம் காட்டினர். சென்னை மாகாணத்தில் ஆட்சிப் பணி புரிந்த எச். எசு. தாமசு என்பார், 1873-இல் இந்தியாவில் தூண்டில் மீன்பிடிப்பு என்பது பற்றி ஒரு நூல் வெளியிட்டார். மலையாறுகளின் பெருங்கெண்டை அதிலே சிறப்பிடம் பெற்றது. 1887-இல் அவரே ஏரி குளங்களில் தூண்டில் இடுவது பற்றி மற்றொரு நூல் எழுதினார். சமவெளியில் வாழ்வோர்க்கு ஆற்றைக் காட்டிலும் ஏரியே கைகண்ட இடம் என்பதை அந்நூலின் பொருளே காட்டும்.

1897-இல் வந்த இந்திய மீன்வளச் சட்டம், நீரில் வெடி வைத்தும் நஞ்சு கலந்தும் மீனைக் கொல்வதைக் குற்றம் ஆக்கிற்று. வெடி, பெரிய மீனோடு முட்டையையும் குஞ்சையும் அழித்துவிடும். ஒரு நாள் வேட்டைக்கு அடுத்த ஆண்டின் விளைவே விலையாகும். சிவகாசியில் தீப்பெட்டித் தொழில் 1920-களில் வேரூன்றிற்று. பட்டாசுத் தொழிலும் தொடர்ந்தது. மழை குறைந்த இந்த வறண்ட வானமே மருந்து உலர்வதற்கு ஏற்றதாய் அமைந்தது. வைப்பாற்றில் ஓடத்தை நிலைக்கவிடாத அதே வானம், அதன் கரை மக்களுக்கு வேறொரு பிழைப்பைக் காட்டிற்று எனலாம்.

இன்றைய நிலையை நோக்குவோம். வெம்பக்கோட்டையிலும் இருக்கன்குடியிலும் நீர்த்தேக்கங்கள் உண்டு. அங்கே ஓடம் மிதக்கலாம். ஆனால் அது தேக்கத்தில் மிதப்பதேயன்றி ஆற்றோடு செல்வது ஆகாது. கண்மாய்களில் லாரி டியூப்பில் காற்றடைத்து, அதன்மேல் அமர்ந்து வலை விரிப்பாரைக் காணலாம். 1952-இல் இந்தியாவுக்கு வந்த சிலேபிக் கெண்டையும், வடநாட்டு ஆறுகளிலிருந்து கொணர்ந்த கட்லாவும் ரோகுவும் நாட்டு மீன்களுக்குப் பக்கத்திலே இடம் பிடித்துவிட்டன. மீன்பாசி ஏலத்தொகை ஊராட்சிக்கோ அரசுத் துறைக்கோ செல்கிறது. அது அந்தக் கண்மாய்க்கே திரும்பி வருதல் வேண்டும் என்னும் பழைய கட்டாயம் இல்லை. குத்தகை எடுத்தவருக்கு நீர் விரைவில் வற்றினால் நன்மை; உழவருக்கு நீர் நின்றால் நன்மை. ஒரே மடையின் இரு பக்கத்தில் இருவரும் நின்று வழக்காடுவதை ஊர்கள் கண்டிருக்கின்றன. இதற்கிடையே வரத்துக்கால்கள் தூர்ந்து, சீமைக்கருவேலம் மண்டுகிறது. 2017-இல் குடிமராமத்து என்னும் பெயரிலேயே அரசு ஒரு திட்டத்தைத் தொடங்கியது. பெயர் மீண்டது நல்லதே; பெயருக்குள் இருந்த ஏற்பாடும் மீள வேண்டும்.

ஆகவே நம் சாத்தூர் நண்பருக்கு நாம் கூறக்கூடிய விடை இது. நீரோடு மிதந்து மீன் பிடிக்கும் இன்பம் வேண்டுமெனில் காவிரிக்குச் சென்று, அங்குள்ள விதிகளுக்கு உட்பட்டு, பரிசற்காரரின் கையை நம்பி ஏறுக. உள்ளூரிலேயே மீன் வேண்டுமெனில் கண்மாய்க் கரைக்குச் செல்க. அங்கே தூண்டிலை நீரில் இடுமுன் வரத்துக்கால் திறந்திருக்கிறதா என்று ஒருமுறை பார்த்து வருக. அது அடைபட்டிருந்தால் விராலும் இல்லை, விளைச்சலும் இல்லை. மீன்பாசித் தொகையில் ஒரு பங்கு அந்தக் காலைத் திறப்பதற்குச் செலவாக வேண்டும் என்று ஊர்க்கூட்டத்தில் அவர் எழுந்து கேட்பாராயின், ஓடம் இல்லாமலே அவர் தம் ஊர் ஆற்றுக்கு ஒரு வழி கண்டவர் ஆவார்.