கணக்கில் வராமல் போன பாதிச் சாவு

போரைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் துப்பாக்கி வைத்திருப்பவர்களிடம்தான் போய்க் கேட்கிறார்கள். அரசாங்கம் ஒரு கதை சொல்லும். அதை எதிர்த்து நிற்கும் கட்சி இன்னொரு கதை சொல்லும். நடுவில் கிடந்து செத்த சனங்களிடம், "உங்களுக்கு என்னா நடந்துச்சு, இந்தச் சண்டையப் பத்தி நீங்க என்னா நினைக்கிறீங்க" என்று கேட்பது அபூர்வம். அப்படிக் கேட்டாலும் யார் கேட்டார்கள், எந்த மொழியில் கேட்டார்கள், எவ்வளவு நேரம் உட்கார்ந்து கேட்டார்கள் என்பதைப் பொறுத்துத்தான் அந்தப் போரின் வரலாறே அமைகிறது. தென்னமெரிக்காவில் பெரு நாட்டில் 1980 முதல் 2000 வரை நடந்ததை வைத்து இதைப் பேச விரும்புகிறேன்.

பெருவின் தலைநகர் லிமா கடற்கரையில் இருக்கிறது. ஆட்சி, பத்திரிகை, ஸ்பானிய மொழி எல்லாம் அங்கே. ஆண்டிஸ் மலைகளில் இருப்பவர்கள் கெச்சுவா பேசும் பூர்வகுடி விவசாயிகள். பண்ணையார்களிடம் தலைமுறை தலைமுறையாக உழைத்துச் செத்தவர்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு ஓட்டு கிடையாது என்ற விதியைக் காட்டியே இவர்களில் பெரும்பாலோரை அரசியலுக்கு வெளியே வைத்திருந்தார்கள். 1979 அரசியல் சட்டம்தான் அந்த விதியை நீக்கியது. இவர்கள் முதல்முறையாக ஓட்டுப்போடவிருந்த 1980 மே 18ஆம் தேதிக்கு முந்தின நாள், அயாகூச்சோ வட்டாரத்துச் சூஸ்சி கிராமத்தில் ஓட்டுப்பெட்டிகளை எரித்துத் தன் ஆயுதப் போரைத் தொடங்கியது ஒளிரும் பாதை கட்சி. அதன் தலைவர் அபிமேல் குஸ்மான் ஒரு தத்துவப் பேராசிரியர். விவசாயிகளின் பேரால் நடந்த போர், அவர்களுக்குக் கிடைத்த முதல் ஓட்டைக் கொளுத்திவிட்டுத்தான் ஆரம்பித்தது.

1983 ஜனவரி 26 அன்று உச்சுராக்காய் என்ற மலைக் கிராமத்தில் எட்டுப் பத்திரிகையாளர்கள் கொல்லப்பட்டார்கள். நாடே அதிர்ந்தது. அரசு ஒரு விசாரணைக் குழு போட்டது. எழுத்தாளர் மரியோ வர்கஸ் யோசா அதில் முக்கியமானவர். மானிடவியலாளர்களும் மொழியியலாளர்களும் துணைக்கு இருந்தார்கள். ஆனால் கிராமத்தில் அந்தக் குழு இருந்தது சில மணி நேரம்தான். வந்தவர்களைத் தீவிரவாதிகள் என்று தவறாக நினைத்து ஊரார் கொன்றார்கள், நவீன உலகத்தோடு ஒட்டாமல் வேறொரு காலத்தில் வாழும் மக்கள் இவர்கள் என்பதாக அறிக்கை போனது. உண்மையில் அந்த ஊரில் பள்ளிக்கூடம் இருந்தது. சனங்கள் யாவாரத்துக்கு வெளியே போய் வந்தார்கள். கொல்லப்பட்டவர்களில் ஒருவரின் கேமராவிலிருந்து பிறகு கிடைத்த படங்கள், சாவதற்கு முன் இரு தரப்பும் எதிரெதிரே நின்று பேசியதைக் காட்டின. கேமராவைத் துப்பாக்கி என்று நினைத்துவிட்டார்கள் என்ற விளக்கம் அதோடு ஆட்டம் கண்டது.

அதற்கப்புறம் நடந்ததைத்தான் யாரும் பார்க்கவில்லை. 1981 கணக்கெடுப்பின்படி சுமார் 470 பேர் வாழ்ந்த அந்த ஊரில் 135 பேர் அடுத்தடுத்துக் கொல்லப்பட்டார்கள். ஒளிரும் பாதையும் கொன்றது; ராணுவமும், பக்கத்து ஊர்க் காவல் படைகளும் கொன்றன. 1984இல் ஊரே காலி. 1993இல்தான் மிச்சம் இருந்தவர்கள் திரும்பி வந்தார்கள். எட்டுப் பேர் சாவுக்கு விசாரணைக் குழு, அறிக்கை, உலகப் பத்திரிகைகளில் கட்டுரை. 135 பேர் சாவுக்கு ஒன்றும் இல்லை. என்னா கணக்கு இது?

2001இல் உண்மை அறியும் ஆணையம் அமைக்கப்பட்டது. தலைவர் சாலமோன் லெர்னர், தத்துவப் பேராசிரியர். ஆணையர்கள் பெரும்பாலும் கெச்சுவா தெரியாத படித்தவர்கள்தான். ஆனால் இந்த முறை ஆட்கள் மலைக் கிராமங்களுக்குப் போய், கெச்சுவாவிலேயே கேட்டு எழுதினார்கள். சுமார் 17,000 சாட்சியங்கள் சேர்ந்தன. 2002 ஏப்ரலில் உவமாங்கா நகரில் முதல் பொது விசாரணை நடந்தது. சாட்சி உறுதிமொழி எடுக்கும்போது ஆணையர்களும் எழுந்து நின்றார்கள். அரசாங்க ஆபீசில் கைகட்டி நின்றே பழகிய சனங்களுக்கு முன்னால் படித்தவர்கள் எழுந்து நிற்பது சின்ன விஷயமில்லை.

அங்கே சாட்சி சொன்னவர்களில் ஒருவர் ஆஞ்சலிகா மெந்தோசா. 1983 ஜூலையில் ராணுவம் இவருடைய மகன் அர்க்கிமேதெஸை வீட்டிலிருந்து இழுத்துக்கொண்டு போனது. பிணங்களை வீசியெறியும் பள்ளங்களில் பிணம் பிணமாகப் புரட்டித் தேடினார். அதே ஆண்டு, காணாமல் போனவர்களின் குடும்பங்களைச் சேர்த்துச் சங்கம் கட்டினார். லோஸ் கபீத்தோஸ் ராணுவ முகாமில் நடந்த கொலைகளுக்கு 2017 ஆகஸ்டில்தான் தீர்ப்பு வந்தது. பத்து நாள் கழித்து அவர் இறந்துபோனார். மகன் உடல் கடைசிவரை கிடைக்கவில்லை.

2003 ஆகஸ்ட் 28 அன்று ஆணையத்தின் அறிக்கை வந்தது. அதுவரை நாட்டில் சொல்லப்பட்ட அதிகபட்சக் கணக்கு 35,000 சாவு. ஆணையம் சொன்னது 69,280. குளத்து மீனை எண்ணுகிற முறை ஒன்று உண்டு. ஒருமுறை பிடித்த மீன்களுக்கு அடையாளமிட்டு விட்டுவிட்டு, மறுமுறை பிடிக்கும்போது அடையாளமிட்டவை எத்தனை வருகின்றன என்று பார்த்து மொத்தத்தைக் கணிப்பார்கள். அதுபோல வெவ்வேறு அமைப்புகள் தனித்தனியாக எழுதி வைத்திருந்த பெயர்ப்பட்டியல்களை ஒப்பிட்டு, எந்தப் பட்டியலிலும் வராதவர்கள் எத்தனை பேர் என்று கணித்தார்கள். இந்தக் கணிப்பில் கருத்து வேறுபாடும் உண்டு. 2019இல் சில்வியோ ரெண்டோன் என்ற ஆய்வாளர் சுமார் 48,000 என்றார். அதை வைத்துக்கொண்டாலும் பழைய கணக்கைவிட இது ரொம்ப அதிகம்.

இத்தனை ஆயிரம் பேர் இல்லாமல் போனதைக்கூட ஒரு நாடு எப்படி உணராமல் இருந்தது? செத்தவர்கள் யார் என்று பார்த்தால் பதில் கிடைக்கிறது. நூற்றுக்கு 75 பேர் கெச்சுவாவோ வேறு பூர்வகுடி மொழியோ பேசியவர்கள். 1993 கணக்கெடுப்பில் அப்படிப்பட்டவர்கள் நாட்டில் ஐந்தில் ஒரு பங்குதான். அயாகூச்சோவில் செத்த விகிதத்தில் நாடு முழுக்கச் செத்திருந்தால் 12 லட்சம் பேர் செத்திருப்பார்கள், லிமாவில் மட்டும் 3,40,000 பேர் என்று ஆணையமே கணக்குப் போட்டுக் காட்டியது. லிமாவில் அப்படி நடந்திருந்தால் யாருக்கும் தெரியாமல் போயிருக்குமா?

நம்மில் இடதுசாரி அரசியலில் நம்பிக்கை உள்ளவர்கள் இதையும் படிக்க வேண்டும். ஆணையத்திடம் பதிவான சாவுகளில் நூற்றுக்கு 54 ஒளிரும் பாதை செய்தது. 1983 ஏப்ரலில் லுகானாமார்காவில் குழந்தைகள் உள்பட 69 பேரை வெட்டிக் கொன்றது. குஸ்மான் பின்னாளில் அதை நியாயப்படுத்தினார். ராணுவமும் சளைக்கவில்லை. 1984 டிசம்பரில் புட்டிஸ் கிராமத்தாரை மீன்குளம் வெட்டச் சொல்லி, அவர்கள் வெட்டிய குழியிலேயே சுட்டுப் புதைத்தது. பதிவான பாலியல் வன்கொடுமைகளில் நூற்றுக்கு 83 அரசுப் படைகள் செய்தவை.

இந்தக் கொடுமை பதிவான விதத்தையும் கவனிக்க வேண்டும். சாட்சி சொன்னவர்களில் பாதிக்கு மேல் பெண்கள். புருஷனுக்கு நடந்ததைச் சொன்னார்கள், மகனுக்கு நடந்ததைச் சொன்னார்கள். தங்களுக்கு நடந்ததைப் பலர் சொல்லவில்லை. "யாரை இழந்தீர்கள்" என்று கேட்டால் சொல்கிறவள் தன் உடம்பைப் பற்றிப் பேசுவதில்லை. கேள்வி மாறினால்தான் பதில் மாறும்.

இன்னொரு சிக்கல், 'அப்பாவி' என்ற வார்த்தை. 2005இல் வந்த நிவாரணச் சட்டம் ஆயுதக் குழுவில் இருந்தவர்களைப் பாதிக்கப்பட்டவர்களாக ஏற்கவில்லை. ஆரம்பத்தில் பல ஊர்களில் சனங்கள் விரும்பியும் அந்தக் கட்சியோடு போனார்கள், பிறகு வெறுத்து எதிர்த்து நின்றார்கள். பக்கத்து வீட்டுக்காரனையே கொன்ற ஊர்களும் உண்டு. இதையெல்லாம் வெளியே சொன்னால் நிவாரணமும் போகும், ஊரும் உடையும். ஆகவே பல ஊர்கள் எதைச் சொல்வது, எதை மறைப்பது என்று கூடிப் பேசியே முடிவெடுத்தன. அறியாத சனம், அப்பாவிச் சனம் என்ற இரண்டு அச்சில்தான் அவர்களை வார்க்கிறார்கள். யோசித்து, தேர்ந்து, தவறி, மாறி வாழ்ந்த அரசியல் மனிதர்களாக அவர்களைப் பார்ப்பதற்கு ஆய்வாளருக்கும் மனசு வருவதில்லை.

நம் சேரிகளுக்கும் தாக்குதல் முடிந்ததும் உண்மை அறியும் குழுக்கள் வருகின்றன. பல குழுக்கள் நேர்மையாகவே உழைத்திருக்கின்றன. ஆனாலும் கேள்வி அவர்களுடையது, தாள் அவர்களுடையது, நாம் பதில் மட்டும். பெருவில் செத்தவர்களைப் பின்னால் எண்ண முடிந்ததற்குக் காரணம், போர் நடந்த காலத்திலேயே குடும்பங்கள் போய்ப் புகார் கொடுத்ததும், மனித உரிமை அமைப்புகள் உட்கார்ந்து பெயர் எழுதியதும்தான். நாமும் எழுத வேண்டும். யார் அடித்தான், யார் செத்தது என்பதோடு நிற்காமல், அந்தச் சண்டையைப் பற்றி நம்ம கிழவிகளும் பிள்ளைகளும் என்ன நினைத்தார்கள் என்பதையும், அவர்கள் பேசின பேச்சிலேயே, தேதி போட்டு எழுத வேண்டும்.