தரவு வேலைக்கு யார்? ஆலோசகரா, முழுநேர ஊழியரா?

உங்கள் குடும்பம் தேக்காவில் மளிகைக் கடை நடத்துகிறது என்று வைத்துக்கொள்வோம். மூன்று கிளைகள், இணைய விற்பனையும் உண்டு.

விற்பனைக் கணக்கு எல்லாம் கணினியில் இருக்கு. அதைப் பார்த்து, தீபாவளிக்கு எந்தச் சரக்கை எவ்வளவு தருவிக்கலாம் என்று சொல்லத்தான் ஆள் இல்லை.

வெளியிலிருந்து ஆலோசகரைக் கூப்பிடுவதா? ஒருவரை வேலைக்கே எடுப்பதா?

"எது மலிவு?" என்று உடனே கேட்கத் தோன்றும். அதற்கு முன் கேட்க வேண்டியது: "இந்த வேலை ஒருநாள் முடிந்துவிடுமா?"

ஆலோசகர் எப்போது?

முடிவுத் தேதி உள்ள வேலைக்கு. மூன்று கிளைகளின் கணக்கை ஒன்றாகச் சேர்ப்பது, புதிய மென்பொருளுக்கு மாறுவது போன்றவை.

முழுநேர ஊழியர் எப்போது?

வாரந்தோறும் புதுக் கேள்வி வந்தால். ஒரு பொருளின் விற்பனை திடீரென்று சரிகிறது. வாங்க ஆள் இல்லையா, சரக்கே வரவில்லையா? எண்ணை மட்டும் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். கூடவே இருப்பவருக்குத்தான் காரணம் புரியும்.

செலவு?

ஆலோசகரின் கட்டணம் பெரிதாகத் தெரியலாம். ஆனால் ஊழியருக்கும் சம்பளத்தோடு செலவு முடிவதில்லை. 55 வயது வரையிலான சிங்கப்பூரருக்கு மாதம் 5,000 வெள்ளி கொடுத்தால், முதலாளி மத்திய சேமநிதிக்கு 17 விழுக்காடு, அதாவது 850 வெள்ளி, கூடுதலாகச் செலுத்த வேண்டும். விடுப்பு, கணினி, மென்பொருள் எல்லாம் தனி.

பொறுப்பு யாருக்கு?

வாடிக்கையாளர் விவரங்களை ஆலோசகரிடம் கொடுத்துவிட்டால் கவலை விட்டது என்று நினைக்காதீங்க. தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டப்படி பொறுப்பு உங்கள் நிறுவனத்துக்கும்தான். கசிவில் 500 பேரோ அதற்கு மேலோ பாதிக்கப்பட்டது உறுதியானால், 3 நாளுக்குள் ஆணையத்துக்குத் தெரிவிக்க வேண்டும்.

எழுதிய நிரல் யாருடையது?

ஊழியர் வேலையின் பகுதியாக எழுதும் நிரல் பொதுவாக நிறுவனத்துக்குச் சொந்தம். வெளி ஆலோசகர் எழுதினால் அப்படி இல்லை. ஒப்பந்தத்தில் உரிமையை எழுதி வாங்காவிட்டால், பணம் கொடுத்த பிறகும் அது அவருடையதாகவே இருக்கலாம்.

நடுவழி இருக்கா?

இருக்கு. ஆலோசகர் கட்டமைக்கட்டும். உங்கள் ஊழியர் ஒருவர் முதல் நாளிலிருந்தே பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொள்ளட்டும். கணக்குகளும் கடவுச்சொற்களும் நிறுவனத்தின் பெயரில் இருக்கட்டும். செய்முறையை எழுதி வைக்கச் சொல்லுங்கள். முழுநேர ஊழியரும் ஒருநாள் வேலை மாறலாம், இல்லையா?

யாரை எடுத்தாலும் கையெழுத்துப் போடும் முன் இதை யோசியுங்கள்: அவர் நாளைக்கு வரவில்லை என்றால், அந்தக் கணக்கைத் திறந்து பார்க்க கடையில் வேறு யாருக்குத் தெரியும்?