பழைய கம்ப்யூட்டரைத் தூக்கிப் போடுமுன் கொஞ்சம் வரலாறு



விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்தியதிலிருந்து எனக்கு ஒரே கேள்வி பல வீடுகளிலிருந்து வருகிறது. "சார், பையனோட கேமிங் கம்ப்யூட்டர் வாங்கி எட்டு வருஷம் ஆச்சு. புது கேம் எதுவும் ஓடலைங்கறான், புதுசுதான் வேணும்னு நிக்கிறான். பழசுலயே எதையாவது மாத்தி ஓட்ட முடியாதா?"

கேட்பவர்களில் சிலருக்குப் புதுக் கம்ப்யூட்டர் என்பது இரண்டு மாதச் சம்பளம். அதனால் இதை விளையாட்டுச் சமாச்சாரம் என்று தள்ளிவிட முடியவில்லை. வரலாற்று வாத்தியாருக்கு இதில் என்ன வேலை என்று சிரிக்காதீர்கள். இந்தக் கேள்விக்கான விடை வரலாற்றில்தான் இருக்கிறது.

யோசித்துப் பாருங்கள். ஃப்ரிட்ஜ் பழசானால் அதைத் திறந்து பெரிய மோட்டார் வைக்கலாமா என்று யாரும் கேட்பதில்லை. செல்போனுக்கும் கேட்பதில்லை. மேசைக் கம்ப்யூட்டருக்கு மட்டும் கேட்கிறோம். அது இயற்கையாக அமைந்ததல்ல. சில மனிதர்கள் எடுத்த முடிவு.

1977-இல் ஆப்பிள் II வந்தபோது, கூடுதல் கார்டுகளைச் செருக எத்தனை இடம் வைப்பது என்று ஸ்டீவ் ஜாப்ஸுக்கும் ஸ்டீவ் வாஸ்னியாக்குக்கும் வாக்குவாதம். பிரிண்டருக்கு ஒன்று, மோடத்துக்கு ஒன்று, இரண்டு போதும் என்றார் ஜாப்ஸ். எட்டு வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார் வாஸ்னியாக். எட்டுதான் வந்தது.

அடுத்து ஐபிஎம். ஃபுளோரிடாவின் போக்கா ரட்டோன் நகரில் டான் எஸ்ட்ரிட்ஜ் தலைமையில் ஒரு சிறு குழு, சுமார் ஒரே வருடத்தில் ஒரு கம்ப்யூட்டரை உருவாக்க வேண்டியிருந்தது. எல்லாவற்றையும் சொந்தமாகச் செய்ய நேரமில்லை. ப்ராசசரை இன்டெலிடமிருந்தும் இயங்குதளத்தை மைக்ரோசாஃப்டிடமிருந்தும் வாங்கினார்கள். 1981 ஆகஸ்ட் 12-இல் அறிவிக்கப்பட்ட அந்த ஐபிஎம் பிசியில் கார்டு செருக ஐந்து இடங்கள் இருந்தன. உள்ளே இருக்கும் சுற்று வரைபடத்தையும் பயாஸ் நிரலையும் கையேடாக அச்சிட்டு விற்றார்கள். மற்றவர்களும் இதற்கு உதிரிபாகம் செய்யட்டும் என்பது எண்ணம்.

மற்றவர்கள் உதிரிபாகத்தோடு நிற்கவில்லை, முழுக் கம்ப்யூட்டரையே செய்துவிட்டார்கள். காப்புரிமை இருந்த பயாஸை மட்டும், மூல நிரலைப் பார்க்காத பொறியாளர்களை வைத்துப் புதிதாக எழுதியது காம்பேக். இப்படித்தான் ஒருவர் போர்டு, இன்னொருவர் கார்டு, மூன்றாமவர் கேபினெட் என்று சந்தை பிரிந்தது. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் நாலு கடை ஏறி இறங்கி நம் மக்கள் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்துகொள்ள முடிவது அந்தக் கையேட்டின் பலன்தான்.

திறந்த கதவை மூடவும் பார்த்தார்கள். 1987-இல் ஐபிஎம் பிஎஸ்/2 என்ற புது வரிசையைக் கொண்டுவந்தது. அதன் பெரிய மாடல்களில் மைக்ரோ சேனல் என்ற புது வகைச் செருகுமிடம். பழைய கார்டுகள் அதில் பொருந்தா. மற்ற கம்பெனிகள் அதைப் பயன்படுத்த உரிமைத்தொகை கட்ட வேண்டும். அடுத்த ஆண்டே காம்பேக் உட்பட ஒன்பது கம்பெனிகள் கைகோத்து, பழைய கார்டுகளும் பொருந்தும்படி வேறொரு முறையை அறிவித்தன. மைக்ரோ சேனல் சந்தையில் நிலைக்கவில்லை. வாங்கியவர்கள் கையில் இருந்த பழைய கார்டுகளின் பலம் அது.

இனி விளையாட்டுக்கு வருவோம். 1996-இல் குவேக் என்ற விளையாட்டு வந்தது. தசமக் கணக்குகளை மிகுதியாகச் செய்யும் விளையாட்டு. பெரும்பாலான 486 கம்ப்யூட்டர்கள் அதன் முன் திணறின, பென்டியம் சமாளித்தது. அதே ஆண்டில் 3டிஎஃப்எக்ஸ் கம்பெனியின் வூடூ சிப்போடு கூடிய கிராஃபிக்ஸ் கார்டுகள் வந்தன. ஏற்கெனவே இருக்கும் கார்டைக் கழற்றக்கூடத் தேவையில்லை. பக்கத்தில் செருகி ஒரு கேபிளால் இணைத்தால் போதும். பென்டியம் வைத்திருந்தவருக்கு அந்த ஒரு கார்டு புதுக் கம்ப்யூட்டர் வாங்கியதுபோல் இருந்தது. ஆனால் அதற்கு பிசிஐ செருகுமிடம் வேண்டும். பழைய 486 போர்டுகள் பலவற்றில் அது கிடையாது. இருந்தாலும் ப்ராசசர் ஈடுகொடுக்காது.

இதில் இருக்கும் பாடம்: எந்தப் பாகம் பின்தங்குகிறதோ அதை மாற்றினால்தான் பலன். அதை மாற்ற முடியுமா என்று சொல்வது மதர்போர்டு.

அதே பாடம் நம் காலத்திலும் நடந்தது. 2017-இல் ஏஎம்டி தன் ரைசன் ப்ராசசர்களை ஏஎம்4 என்ற சாக்கெட்டில் வெளியிட்டது. பின்னர் வந்த ரைசன் 5000 வரிசையும் அதே சாக்கெட்தான். பயாஸைப் புதுப்பித்தால் முதல் தலைமுறை போர்டுகள் பலவும் அவற்றை ஏற்கும். இன்டெலோ 2017 அக்டோபரில் எட்டாம் தலைமுறையை வெளியிட்டபோது, சாக்கெட்டில் அதே 1151 முனைகள் இருந்தும், முந்தைய 100, 200 வரிசை போர்டுகளில் அது வேலை செய்யாது என்றது. மின்சாரம் செல்லும் ஏற்பாட்டை மாற்றியிருக்கிறோம் என்பது அது சொன்ன காரணம். ஒரே ஆண்டில் வாங்கிய இரண்டு கம்ப்யூட்டர்களில் ஒன்றுக்குக் கதவு திறந்திருக்கிறது, இன்னொன்றுக்கு மூடியிருக்கிறது. வயதைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

இரண்டு உதாரணம் தருகிறேன்.

ஒரு வீட்டில் ரைசன் 5 1600, பி350 போர்டு, 8 ஜிபி ராம், சாதா ஹார்ட் டிஸ்க். விண்டோஸ் 11 இந்த ப்ராசசரை ஏற்பதில்லை. இங்கே போர்டு கம்பெனியின் இணையதளத்தில், அந்த மாடல் ஏற்கும் ப்ராசசர் பட்டியலைப் பாருங்கள். ரைசன் 5 5600 அதில் இருந்தால், முதலில் பயாஸைப் புதுப்பித்துவிட்டு ப்ராசசரை மாற்றலாம். பயாஸில் டிபிஎம்-ஐ இயக்கிவிட்டால் விண்டோஸ் 11 சிக்கலும் தீர்ந்தது. கூடவே ராமை 16 ஜிபி ஆக்கி, ஒரு எஸ்எஸ்டி போடுங்கள். பிறகு விளையாடிப் பார்த்துவிட்டு, தேவைப்பட்டால் மட்டும் கிராஃபிக்ஸ் கார்டு. கார்டு வாங்குமுன் எஸ்எம்பிஎஸ் எத்தனை வாட், கேபினெட்டில் இடம் போதுமா என்று பாருங்கள்.

இன்னொரு வீட்டில் ஐ5 7400, பி250 போர்டு. அதில் அதிகபட்சம் ஏழாம் தலைமுறை ஐ7 வரை போகலாம். அதையும் விண்டோஸ் 11 ஏற்காது. பழைய ப்ராசசருக்கு அங்கே பணம் போட்டால் சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்ற கதைதான். போர்டையும் ப்ராசசரையும் மாற்றுங்கள். ஆனால் முழுதாகத் தூக்கிப் போட வேண்டாம். டிடிஆர்4 ராம் ஏற்கும் போர்டாக வாங்கினால் ராம் மிஞ்சும். கேபினெட், எஸ்எஸ்டி, மானிட்டர், கீபோர்டு எல்லாம் மிஞ்சும். ஏடிஎக்ஸ் என்ற அளவுமுறையை இன்டெல் 1995-இல் கொடுத்தது. திருகு துளைகள் இன்றும் பெரும்பாலும் அதே இடத்தில்தான் இருக்கின்றன.

டிடிஆர்3 ராம் போடும் அளவுக்குப் பழைய போர்டு என்றால், அதை வீட்டில் படிக்கவும் எழுதவும் வைத்துக்கொண்டு புதிதுக்குச் சேமியுங்கள்.

என் சொந்தக் கணக்கு ஒன்று உண்டு. மாற்றும் பாகங்களின் மொத்த விலை, அதே வேகம் தரும் புதுக் கம்ப்யூட்டரின் விலையில் பாதியைத் தாண்டினால் நிறுத்திவிட வேண்டும். தாண்டாவிட்டால் தைரியமாக மாற்றலாம்.

அப்படி மாற்றும்போது பையனையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். எந்தப் பாகம் எதற்கு என்று அவன் கையாலேயே கழற்றி மாட்டட்டும். மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டுத்தான்.

உங்கள் போர்டு மாடலையும் ப்ராசசர் பெயரையும் இங்கே எழுதுங்கள். வாங்கின ஆண்டு தேவையில்லை. ஒவ்வொன்றாகப் பார்த்துச் சொல்கிறேன்.